மதுரையிலிருந்து மஸ்கெலியாவுக்கு: பத்து நாள் ஊழியப் பயணச் சேவை ஒன்றின் மதிப்பீடு

கடந்த மே மாதம், சில சபைகள் சேர்ந்த எங்கள் திருச்சபைச் சேகரத்திலிருந்து ஏழு பெண்களும் ஐந்து ஆண்களுமாகப் பன்னிரண்டு பேர், இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளிடையே பணி செய்துவிட்டுத் திரும்பினோம். போய்வரும் நாட்களையும் சேர்த்துப் பத்து நாள். பயணத்தை ஏற்பாடு செய்து தந்தது மதுரையிலிருந்து இயங்கும் ஓர் ஊழிய அமைப்பு. ஆள் ஒன்றுக்கு 48,500 ரூபாய் பெற்றுக்கொண்டு, பயிற்சி, விமானச் சீட்டு, தங்குமிடம், உள்ளூர்ச் சபையுடனான தொடர்பு ஆகிய அனைத்தையும் தாங்களே கவனித்துக்கொள்வதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓய்வுநாள் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஆசிரியை என்பதால் குழுவை வழிநடத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. எங்கள் வட்டாரத்தில் இத்தகைய பயணத்துக்கு ஆயத்தப்படும் சபைகள் வேறு சிலவும் இருப்பதை அறிவேன். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நாங்கள் செலுத்திய பணத்துக்கு எதைப் பெற்றோம், எதைப் பெறவில்லை என்பதை விவரமாக எழுதுகிறேன்.

அமைப்பின் பெயரை இங்கே தரவில்லை. நாங்கள் கண்ட குறைகளை நான்கு பக்கக் கடிதமாக எழுதி அவர்களிடமே நேரில் கொடுத்துவிட்டோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம். மேலும், இங்கே நான் எழுப்பும் கேள்விகள் அந்த ஓர் அமைப்பிடம் மட்டுமன்றி, பிள்ளைகளிடம் நம்மை அழைத்துச் செல்ல முன்வரும் யாரிடமும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்கப்படவேண்டியவை.

முன்பதிவின்போது எங்களுக்கு இரண்டு இடங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, நுவரெலியாப் பக்கமுள்ள ஒரு சிறுவர் இல்லம். மற்றொன்று, தோட்டத்து முன்பள்ளியும் அதையொட்டிப் பிற்பகலில் நடக்கும் வகுப்பும். இல்லத்துக்குச் சென்றால் செலவு குறையும், பிள்ளைகள் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பார்கள், நிகழ்ச்சி நடத்துவதும் எளிது என்று ஒருங்கிணைப்பாளர் எடுத்துச் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. பெற்றோரைப் பிரிந்து வளரும் ஒரு குழந்தை, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒட்டிக்கொண்டு, பத்தாம் நாள் அவரையும் இழந்து, அடுத்த மாதம் வரும் குழுவிடம் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு நாமே காரணமாவதை எந்த ஊழியம் என்று சொல்வது? 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வப் பணித் திட்டங்களால் பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் படித்திராதவர்களும், நம் ஊர் விடுதிகளில் கொஞ்சம் பழகியிருந்தால், அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதையும், வறுமையே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்திருப்பதையும் அறிந்திருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோ மாலையில் தங்கள் வீட்டுக்கு, தங்கள் தாயிடம் திரும்புகிறவர்கள். நாங்கள் போனபின் வெறுமையாகிவிடக்கூடிய இடம் எதுவும் அவர்கள் வாழ்வில் இல்லை. இரு இடங்களையும் ஒன்றுபோல விலைப்பட்டியலில் வைத்திருந்ததே இந்தச் சேவையில் நான் கண்ட முதற்குறை.

பயிற்சி இரண்டு சனிக்கிழமைகளில் அரசரடிப் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் சனிக்கிழமையைப் பற்றி மனம் நிறைந்து பாராட்டி எழுதவேண்டும். சமூகப் பணியில் பல்லாண்டு இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் ஐந்து மணி நேரம் பேசினார். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனித்திருக்கக் கூடாது; எப்போதும் இருவர் இருக்கவேண்டும், அதுவும் மற்றவர் பார்வை படும் இடத்தில். பிள்ளை தானாக வந்து கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளலாம், நாமாக இழுத்து மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. கைபேசி எண்ணைத் தரவும் கூடாது, வாங்கவும் கூடாது. பிள்ளை ஏதேனும் துன்பத்தைச் சொன்னால் நாமே விசாரணையில் இறங்காமல், சொன்ன சொற்களை அப்படியே எழுதி உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கவேண்டும்; இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண், நம் நாட்டின் 1098 போலவே, இதற்கென்றே இருக்கிறது. பன்னிரண்டு பேரும் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று பெற்றுத் தந்த பிறகே விமானச் சீட்டு பதிவு செய்யப்பட்டது. எங்கள் சேகரத்து மூத்தவர் ஒருவர் தமக்கு இந்த வயதில் காவல் சான்று கேட்பதா என்று வருந்தியபோது, அந்த அம்மையார், "ஐயா, நீங்கள் நல்லவர் என்பது எங்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்குத் தெரியாதே" என்று பணிவாகச் சொன்னார். மறுநாளே அவர் காவல் நிலையத்துக்குச் சென்றார். இந்தப் பகுதிக்காகவே இந்த அமைப்பை நான் பிறருக்குச் சொல்வேன். உள்ளூர் ஓய்வுநாள் பள்ளிகளுக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளுக்கும் இதே பயிற்சி தேவைப்படுகிறது.

இரண்டாம் சனிக்கிழமை அதற்கு நேர்மாறாக இருந்தது. செல்லவிருக்கும் மக்களைப் பற்றிய அறிமுகம் என்று சொல்லி, யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் போரையும் பற்றிய படங்களைக் காட்டினார்கள். நாங்கள் போகவிருந்ததோ மலையகம். வடக்கிலும் கிழக்கிலும் நெடுங்காலமாக வாழும் தமிழர் வேறு; பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகளால் காப்பித் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் வேறு. 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்கள் 1869க்குப் பின் இலைத்துரு நோயால் அழிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1867இல், லூல்கந்துர என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொண்டிக் கரையிலிருந்தும் வேறு துறைகளிலிருந்தும் படகேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர்கள் பலர். பின்னர் 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்கவேண்டுமென்று அவர்களைக் கேளாமலே பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை முழுமையாக வந்து சேர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் ஒரு வரிகூட எங்களுக்குப் பயிற்சியில் சொல்லப்படவில்லை. மதுரையிலிருந்து புறப்படும் குழுவுக்கு இது வெறும் பொது அறிவன்று. நம் சொந்தக் கிராமங்களிலிருந்து பிரிந்துபோனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போகிறோம் என்பதை அறியாமல் போவது, உறவினர் வீட்டுக்கு அந்நியராகப் போவதற்கு ஒப்பாகும்.

சபை வரலாற்றிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இங்கே தொடங்கப்பட்டபோது, அதைத் தொடங்கிவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து வந்தவர்களே. பசுமலைக் கல்வி நிறுவனங்களும் அமெரிக்கன் கல்லூரியும் அந்த வேரிலிருந்து முளைத்தவை. மறுபுறம், 1850களில் மலையகத் தோட்டங்களில் தமிழர்க்கென ஒரு மிஷன் ஏற்பட்டபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார்கள் கடல் கடந்து சென்று அந்த மக்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தங்கிய அவர்களையும் பத்து நாளில் திரும்பிவிடும் எங்களையும் ஒப்பிட்டு நான் விமானத்தில் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போக்குவரத்து ஏற்பாட்டில் சொல்லக்கூடிய குறை எதுவும் இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் வந்து, அங்கிருந்து மஸ்கெலியாவை அடையும்வரை வேன் ஓட்டுநர் வளைவுதோறும் நிதானம் காத்தார். உள்ளூர்ச் சபையின் விருந்தினர் அறைகள் எளியவை, தூய்மையானவை. சபைப் பெண்கள் சமைத்துத் தந்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் பருப்பும் சோறும் பன்னிரண்டு பேருக்கும் ஒத்துக்கொண்டன. கொண்டுவரவேண்டிய பொருட்களின் பட்டியலில் மட்டும் மழைக்கோட்டும் கம்பளி உடையும் அட்டைக்கடிக்கு உப்பும் இல்லை. மலையின் மேற்குச் சரிவில் மே மாதத்தில் மழை தொடங்கிவிடும் என்பது ஏற்பாட்டாளர் அறிந்திருக்கவேண்டிய செய்தி. மதுரை மே மாதத்து வெயிலுக்கேற்ற பருத்திச் சேலைகளோடு போன நாங்கள் முதல் இரண்டு நாட்களை நடுங்கியபடியே கழித்தோம்.

இனி, முக்கியமான செய்திக்கு வருகிறேன். அமைப்பு எங்களிடம் தந்திருந்த நிகழ்ச்சி நிரல், காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை வரை நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிரல்: வரவேற்புப் பாட்டு, பொம்மலாட்டம், கதை, கைவேலை, விளையாட்டு. மதுரையில் மே மாதம் விடுமுறை. அங்கே அப்போது பள்ளி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்குப் போய் ஒன்றரை மணிக்குத்தான் விடுபடுகிறார்கள். காலையில் எங்கள்முன் இருந்தது முன்பள்ளியின் பதினாறு சிறு குழந்தைகள் மட்டுமே. அவர்களைவிடச் சின்னஞ்சிறு பிள்ளைகள், தாய்மார் காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கும் கொழுந்து பறிக்கவும் போகும்போது, பிள்ளை மடுவம் எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர் நம் காலண்டரைப் பார்த்து நாளைக் குறித்திருந்தாரே தவிர, அந்தப் பிள்ளைகளின் நாள் எப்படிக் கழிகிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில்கூடக் கேட்டறியவில்லை.

முன்பள்ளி ஆசிரியை அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார். எங்கள் நிரலை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு, ஒலிபெருக்கியையும் பொம்மைகளையும் படக்கருவியையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு டீச்சர். நீங்க போன பிறகு இதுல எதை நான் செய்யிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மெய்யாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அன்று இரவு குழுவாக அமர்ந்து ஜெபித்துப் பேசி, நிரலைக் கைவிடுவதென்றும், எஞ்சிய நாட்களில் அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்வதென்றும் முடிவெடுத்தோம்.

அவர் கேட்டது மிகவும் எளியது. பிற்பகல் வகுப்புக்கு வரும் இருபத்தேழு பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாம் தரத்திலும் நான்காம் தரத்திலும் (தரம் என்பது நம் வகுப்பு) இருந்தும் வாய்விட்டு ஒரு பக்கம் படிக்கத் தடுமாறுகிறார்கள். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் என்னும் உதவித்தொகைப் பரீட்சை காத்திருக்கிறது. அவர் ஒருவரால் ஒவ்வொரு பிள்ளையும் படிப்பதைக் கேட்க நேரம் போதவில்லை. நீங்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் படிப்பதைக் கேளுங்கள் என்றார். எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் 2021இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்கள். அந்த அனுபவம் இங்கே பெரிதும் உதவியது. கொம்பும் காலும் சேரும் எழுத்துகளில் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், ரகர றகரத்தையும் ணகர னகரத்தையும் எங்கே மாற்றிவிடுகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் குறித்தோம். மூன்றாம் நாள் முதல் பிள்ளைகளே கதை சொன்னார்கள். அவர்கள் சொன்ன சொற்களிலேயே நாங்கள் பெரிய எழுத்தில் எழுதினோம். அவர்கள் படம் வரைந்தார்கள். நூலால் தைத்துச் சிறு புத்தகமாக்கினோம். அம்மாவின் கொழுந்துக் கூடையைப் பற்றி ஒன்று, பாதையில் மண் சரிந்த நாளைப் பற்றி ஒன்று, அட்டை கடித்த நாயைப் பற்றி ஒன்று என்று மொத்தம் பதினான்கு புத்தகங்கள். தான் சொன்ன கதை என்பதால், இரண்டெழுத்துச் சொல்லுக்கே தயங்கிய ஒரு பையன் தன் புத்தகத்தை ஆறு பக்கமும் தடையின்றிப் படித்து, திரும்பவும் முதலிலிருந்து படித்தான். தாளும் வண்ணக் குச்சியும் நூலும் ஹட்டன் கடைவீதியில் வாங்கியவை. ஆசிரியை அவற்றைத் தாமே மறுபடியும் வாங்கிக்கொள்ள முடியும். மதுரையிலிருந்து நாங்கள் சுமந்துபோன பொம்மலாட்டத் திரையை விரிக்கவே இல்லை.

பிரிவை எப்படிக் கையாள்வது என்பதையும் அவரே எங்களுக்குக் கற்றுத் தந்தார். முதல் நாளிலேயே கரும்பலகையில் ஏழு தேயிலை இலைகளை வரைந்து, இவர்கள் ஏழு நாள் இருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு பிள்ளை வந்து ஓர் இலையை அழிக்கும். கடைசி நாளில் யாரும் திடுக்கிட்டு அழவில்லை. வருத்தம் இருந்தது, ஆனால் ஏமாற்றம் இல்லை. மறுபடியும் வருவோம் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன் வந்த ஒரு குழு கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லிப் போனதாகவும், அந்த டிசம்பர் முழுவதும் பிள்ளைகள் வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதைக்கு ஓடியதாகவும் அவர் சொன்னபோது எங்களில் யாராலும் பேசமுடியவில்லை.

அந்தத் தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்கள்; லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு மேலே மாரியம்மன் கோயில் இருக்கிறது. வார நாட்களின் வகுப்பில் படிப்பும் விளையாட்டும் மட்டுமே; வேதாகமக் கதையும் பாட்டும் ஞாயிறு ஆராதனைக்குப் பின், பெற்றோர் விரும்பி அனுப்பும் பிள்ளைகளுக்கு. இந்த விதி உள்ளூர்ப் போதகரும் தோட்ட நிர்வாகமும் பெற்றோரும் கலந்து வைத்துக்கொண்டது. ஏற்பாட்டாளரின் ஒப்பந்தத் தாளிலும் அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்பதைப் பாராட்டுகிறேன். பரிசுப் பொருளைக் காட்டி விசுவாசத்துக்கு அழைப்பதை நான் எந்த ஊரிலும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அதே அமைப்பின் நிரலில் ஒரு மாலை நற்செய்திப் பொதுக்கூட்டமும் குறிக்கப்பட்டிருந்தது. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் பொதுக்கூட்டத்தில் பிரசங்கித்தால் வரும் சிக்கல், நீங்கள் விமானம் ஏறிய பிறகு எங்கள்மேல்தான் விழும் என்று போதகர் சொன்னார், கூட்டம் கைவிடப்பட்டது. மருத்துவ முகாமுக்கும் அதே கதி நேர்ந்தது. அறிவிப்புத் தாளில் முகாம் என்று அச்சிட்டிருந்ததை நம்பி, எங்கள் சபையார் பதினோராயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்கித் தந்திருந்தார்கள். வெளிநாட்டவர் அங்கே மருத்துவம் பார்க்க அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலின் பதிவு வேண்டும் என்பதைத் தோட்டத்து மருத்துவ உதவியாளர் கனிவோடு விளக்கினார். மருந்துப் பெட்டி திறக்கப்படாமலே மதுரைக்குத் திரும்பியது. ஏழைப் பெண்கள் காணிக்கைப் பெட்டியில் இட்ட பணம் அது. ஏற்பாட்டாளரின் கவனக்குறைவை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை.

புகைப்படங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் குழுவின் வாலிபர் ஒருவர், தம் மடியருகே நின்ற சிறுமியின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இட்டுவிட்டார். ஆசிரியை அன்றே பார்த்து, நீக்கும்படி கேட்டார். தம்பி உடனே நீக்கி, தாயிடம் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டார். ஆனால் அவருக்கு முன்மாதிரி காட்டியது யார்? அமைப்பின் வண்ண அறிவிப்புத் தாளிலேயே, முந்தைய பயணத்தில் எடுத்த பிள்ளைகளின் முகங்கள் தோட்டத்தின் பெயரோடு அச்சாகியிருக்கின்றன. முதல் சனிக்கிழமைப் பயிற்சியில் படம் எடுக்கக் கூடாது என்று போதித்தவர்கள், தங்கள் விளம்பரத்துக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடிதத்தில் இதற்கே முதலிடம் தந்திருக்கிறோம்.

ஒரு மாலை, லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் வாலிபரைக் கூப்பிட்டு, "எந்த ஊருய்யா?" என்றார். மதுரை என்றதும், "நமக்கும் அந்தப் பக்கந்தான், உசிலம்பட்டிக்குக் கிட்ட. எங்க அப்பாயி சொல்லும். இந்த வருசம் அங்கிட்டு மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டார். அவர் உசிலம்பட்டியைப் பார்த்ததில்லை. அவருடைய தந்தையும் பார்த்ததில்லை. அங்கிட்டு என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களில் செல்லம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் அவர் அருகிலேயே அமர்ந்து, இருட்டும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். எந்த நிரலிலும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தை இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த நேரம் என்றே கருதுகிறேன்.

பணக் கணக்கைக் கேட்டுப் பெறுவதற்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. ஆள் ஒன்றுக்கான 48,500 ரூபாயில் விமானச் சீட்டு 17,000. விசா, காகித வேலைகள் 3,500. வேன், தங்குமிடம், உணவு 16,500. பயிற்சியும் காப்பீடும் 2,500. அமைப்பின் சேவைக் கட்டணம் 6,000. உள்ளூர் முன்பள்ளிக்கு 3,000. அதாவது, பன்னிரண்டு பேர் செலுத்திய 5,82,000 ரூபாயில் அந்தப் பிள்ளைகளோடு ஆண்டு முழுவதும் இருக்கும் ஆசிரியையின் முன்பள்ளிக்குச் சென்றது 36,000. ஏற்பாட்டாளருக்குச் சென்றது 72,000. சேவைக் கட்டணம் வாங்குவதை நான் குறைகூறவில்லை. முதல் சனிக்கிழமைப் பயிற்சிக்கும் குற்றமற்ற பயண ஏற்பாட்டுக்கும் அது தகும். இரண்டு தொகைகளும் இடம் மாறியிருக்கவேண்டும் என்பதே என் எண்ணம். இந்தக் கணக்கு முன்பதிவுத் தாளிலேயே இருந்திருந்தால், பரிசுப் பைகளுக்கென்று தனியாக நாங்கள் செலவிட்ட நாற்பதாயிரத்தையும் முன்பள்ளிக்கே கொடுத்திருப்போம். அந்தப் பைகளில் இருந்த நெகிழிப் பந்துகளில் பல, நாங்கள் கிளம்புவதற்கு முன்பே உடைந்திருந்தன.

இந்த அமைப்பின் வழியாகச் செல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: பாதுகாப்புப் பயிற்சிக்காகவும் பயண ஏற்பாட்டின் நேர்த்திக்காகவும் செல்லலாம். ஆனால் சிறுவர் இல்லம் என்ற தேர்வை மறுத்துவிடுங்கள். நாளைக் குறிக்கும் முன் அங்குள்ள ஆசிரியையின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அவரிடமே நேரடியாகப் பேசுங்கள். எண்ணைத் தர மறுத்தால் முன்பணம் கட்டவேண்டாம். நிரலில் மருத்துவ முகாம், பொதுக்கூட்டம் என்று இருந்தால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள். மழைக்கோட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கள் சேகரக் குழு கடந்த மாதம் கூடியபோது, அடுத்த ஆண்டும் பன்னிரண்டு பேரை அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் பதிலளித்தேன். அவரிடமிருந்து வந்த குரல் பதிவு இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது. பதினான்கு புத்தகங்களில் மூன்று கிழிந்துவிட்டன, பிள்ளைகளே ஒட்டியிருக்கிறார்கள். புதிதாக ஐந்து எழுதியிருக்கிறார்கள். ஆள் வருவதானால் நான்கு பேர் போதும், படிப்பதைக் கேட்கத் தெரிந்தவர்களாக, இங்குள்ள பள்ளி விடுமுறை நாட்களில் வரட்டும். மற்ற எட்டுப் பேரின் பயணச் செலவை அனுப்ப முடியுமானால், பிற்பகல் வகுப்புக்கு இரண்டாவது ஆசிரியை ஒருவரைத் தோட்டத்திலிருந்தே அமர்த்திக்கொள்ளலாம், ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்கிறார். பதிவைக் குழுவில் அப்படியே ஒலிக்கச் செய்தேன். நான்கு பேரின் பெயர்கள் முடிவாகிவிட்டன. எட்டுப் பேரின் தொகையை எந்த முறையில் அனுப்புவது என்பதைப் பொருளாளர் வங்கியில் விசாரித்துவருகிறார்.